புள்ளிகளை யார் நகர்த்துவது?

(ஆட்டையாம்பட்டியில் உடற்கல்வி ஆசிரியர்கள், பெற்றோர், கால்பந்து ஆடும் மாணவ மாணவியர் முன்னிலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



2022 நவம்பர் 20ஆம் தேதி கத்தாரில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். கத்தாரும் ஈக்வடாரும் மோதின. மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிக் கோல் போட்டார். ஆரவாரம் அடங்குவதற்குள் கோல் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஏன் என்று மைதானத்தில் இருந்தவர்களுக்கே விளங்கவில்லை. பிறகு திரையில் பொம்மை ஆட்கள் வந்தார்கள். பந்தைத் தட்டிய நொடியில் எல்லோரும் அப்படியே உறைந்து நின்றார்கள். ஒரு கோடு விழுந்தது. ஈக்வடார் ஆள் ஒருவரின் கால் அந்தக் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. உலகமே ஒத்துக்கொண்டது.

அந்தப் பொம்மைப் படத்துக்குப் பின்னால் மைதானக் கூரையில் 12 கேமராக்கள் இருந்தன. ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 இடங்களை நொடிக்கு 50 முறை அவை அளந்துகொண்டே இருந்தன. அந்தச் செலவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆஃப்சைடு விதியை வாயால் சொல்லிப் புரியவைக்கப் படாதபாடு பட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பந்து வந்து சேரும்போது நீ எங்கே நின்றாய் என்பது கணக்கில்லை, உன் ஆள் பந்தை உதைத்த அந்த நொடியில் எங்கே நின்றாய் என்பதே கணக்கு. இதைக் கரும்பலகையில் வரைந்தால் பாதிதான் வரும். படத்தில் நேரம் கிடையாது. நகரும் படத்தில் உண்டு. உதைக்கும் நொடியில் நிறுத்து, கோடு போடு, மறுபடி ஓடவிடு. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும். கார்னரிலும் த்ரோ-இன்னிலும் கோல் கிக்கிலும் ஆஃப்சைடு கிடையாது என்பதை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். நம் ஊர் டோர்னமென்ட்டுகளில் நடக்கிற சண்டையில் பாதி குறைந்துவிடும்.

இதைக் கேட்டதும், ‘இதெல்லாம் எதற்கு? பந்தைப் போட்டால் பிள்ளைகள் தானாக ஆடிப் பழகாதா?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டுக் கால்பந்தின் நல்ல பெயர்களைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் தஞ்சாவூர்ப் பக்கத்து சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல் இன்றுவரை அதுதான். சென்னை வியாசர்பாடித் தெருக்களிலிருந்து வந்தவர் தனபால் கணேஷ். குமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையில் வளர்ந்தவர் மைக்கேல் சூசைராஜ். கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன். இவர்கள் யாரும் திரையைப் பார்த்துக் கால்பந்து பழகியவர்கள் அல்லர். ஆடி ஆடியே வந்தவர்கள்.

ஆனால் வியாசர்பாடிக்கும் குமரிக் கடற்கரைக்கும் இருக்கிற ஒன்று நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் இல்லை. அங்கே நடை பழகும் குழந்தை மதிலில் உட்கார்ந்து அண்ணன்கள் ஆடுவதைப் பார்க்கிறது. மாமா ஆடுகிறார், சித்தப்பா கோலியாக நிற்கிறார், பக்கத்துத் தெருக்காரர் திட்டுகிறார். ஆறு வயதில் பந்தைத் தொடுவதற்குள் ஆட்டத்தின் வடிவம் கண்ணுக்குள் போய்விடுகிறது. நமக்கு அந்த மதில் கிடையாது. இங்கே கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பார்த்து யார்க்கர் போடப் பழகுகிற பையன் இருக்கிறான். கபடி இருக்கிறது, வாலிபால் இருக்கிறது. கால்பந்தை உட்கார்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளை இங்கே குறைவு. அந்தப் பார்க்கும் பழக்கத்தை ஓரளவுக்கு ஈடுசெய்வதற்குத்தான் அசையும் படம். ஆடும் பழக்கத்துக்கு அது ஈடாகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் காசும் போகும், பிள்ளைகளின் மாலை நேரமும் போகும்.

பார்த்துப் பழகுவது எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சதுரங்கத்தில் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தது. நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் பலகையைச் சில நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, காய்களை மறுபடி அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்தவர் கிட்டத்தட்ட அப்படியே அடுக்கினார், புதியவர் திணறினார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துவிட்டுக் கேட்டபோது தேர்ந்தவரின் மேன்மை ஏறக்குறைய மறைந்துபோனது. அவருக்கு நினைவாற்றல் கூடுதல் என்பதல்ல சங்கதி. காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார், அவ்வளவுதான். கால்பந்திலும் இதே போன்ற சோதனைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரருக்கு மைதானத்தில் 22 பேர் தெரிவதில்லை. இரண்டு முக்கோணம், ஓர் ஓட்டை, ஒரு தனி ஆள் என்றுதான் தெரிகிறது.

இப்படிப் பார்க்கும் திறனை முன்பே கணினியோடு சேர்த்து யோசித்தவர்களில் ஒருவர் உக்ரைனின் டைனமோ கீவ் அணிக்குப் பயிற்சியளித்த வலேரி லோபனோவ்ஸ்கி. பொறியியல் படித்தவர். 1970களில் அனடோலி செலென்ட்சோவ் என்ற அறிவியலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கால்பந்து என்பது 11 உறுப்புகள் கொண்ட இரண்டு அமைப்புகள் ஒன்றையொன்று முறியடிக்கப் பார்ப்பது என்பது லோபனோவ்ஸ்கியின் கணக்கு. செலென்ட்சோவின் கூடத்தில் ஆட்டக்காரர்கள் திரைமுன் உட்கார்ந்து, ஓடும் புள்ளியின் பாதையை நினைவில் வைத்துச் சொல்வது போன்ற சோதனைகளுக்கு ஆளானார்கள். அந்த அணி 1975இலும் 1986இலும் ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பையை வென்றது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது கீவ் ஆட்டக்காரர்களுக்கே போனது. முதலில் பிளாகின், அடுத்து பெலானவ். திரையால்தான் வென்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடும் உடற்பயிற்சியும் அன்றைய சோவியத் ஆட்சியின் கெடுபிடியும் கூட இருந்தன. ஆனால் பார்க்கும் திறனைத் தனியாக எடுத்துப் பயிற்றலாம் என்ற எண்ணம் அவர்களிடம் அப்போதே இருந்தது.

இன்றைக்கு அந்தக் கூடம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. டாக்டிக்கல்பேட் போன்ற செயலிகளில் பச்சை மைதானத்தில் வட்டங்களை வைத்து விரலால் இழுத்தால் ஓடுகின்றன. பவர்பாயின்ட்டிலேயே மோஷன் பாத் போட்டுப் புள்ளிகளை நகர்த்தலாம். இன்ஸ்டாகிராமில் நாற்பது நொடிப் பயிற்சிப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த நாற்பது நொடிப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிரவுண்டில் அப்படியே கோன்களை அடுக்குகிற பயிற்சியாளர்களை நிறையப் பார்க்கிறேன். எதற்காக அந்தப் பயிற்சி, எந்த வயதுக்கு, ஆட்டத்தில் எந்த நேரத்தில் அது வரும் என்று கேட்டால் பதில் இருக்காது. படம் அழகாக ஓடியது, நாமும் செய்கிறோம் என்பதுதான் காரணம்.

அந்தப் படங்களில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. முதல் பொய் வேகம். செயலியில் ஒரு வட்டத்தை மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இரண்டு நொடியில் இழுத்துவிடலாம். எந்த மனிதக் காலும் அப்படி ஓடாது. உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் ஓடியபோது எட்டிய உச்ச வேகமே நொடிக்கு சுமார் 12 மீட்டர்தான். இரண்டாவது பொய் எதிரணி. படத்தில் எதிரணி வட்டங்கள் மரியாதையாக நிற்கும். எல்லா பாஸும் போய்ச் சேரும். எல்லாத் தாக்குதலும் கோலில் முடியும். பிள்ளைகள் அதை நம்பிக் களத்தில் இறங்கினால் மூன்றாவது பாஸிலேயே எதிராளி பந்தைப் பறித்துக்கொண்டு போகிறான். ‘சார் சொன்னது நடக்கல’ என்று அதோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புள்ளிகளைப் பயிற்சியாளர் நகர்த்தக் கூடாது, பிள்ளைகள் நகர்த்த வேண்டும். அதுவும் உண்மையான வேகத்தில், எதிராளியின் கையில் எதிரணியைக் கொடுத்துவிட்டு.

இதற்கு விலையுயர்ந்த செயலி எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வீடு இருக்கிற கேரம் போர்டு போதும். கணக்குப் பாருங்கள். போட்டிக்குரிய கேரம் போர்டின் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர். காய்கள் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு ஒன்று. இங்கிலாந்தில் 2012இல் சிறுவர் கால்பந்தைத் திருத்தியமைத்தபோது 11, 12 வயதுக்குட்பட்டோருக்கு அணிக்கு ஒன்பது பேர் ஆட்டம் என்று வைத்தார்கள். அதற்கான மைதானம் 80 கஜ நீளம், 50 கஜ அகலம். மீட்டரில் சொன்னால் நீளம் 73, அகலம் 46. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் கேரம் போர்டின் நீளத்துக்கு மைதானம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அகலத்துக்கு மட்டும் சாக்பீஸால் 46 சென்டிமீட்டரில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது வெள்ளை ஓர் அணி, ஒன்பது கறுப்பு ஓர் அணி, சிவப்பு பந்து. சிவப்புக் காய் பெரிதாகத் தெரிந்தால் ஒரு சட்டைப் பொத்தானை வைத்துக்கொள்ளுங்கள். காயின் அகலம் 3 சென்டிமீட்டர், அதாவது களத்தில் 3 மீட்டர். ஆள் அவ்வளவு பருமனா என்று சிரிக்காதீர்கள். ஒருவன் காலை நீட்டி அடைக்கக்கூடிய இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இப்போது ஒரு பழைய போனைப் போர்டுக்கு மேலே, இரண்டு நாற்காலி முதுகுக்கு நடுவே ஸ்கேல் கட்டி அசையாமல் வையுங்கள். காய்களை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களைத் தொடராக ஓட்டிக் காட்டும் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. நொடிக்கு ஐந்து படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நன்றாக ஓடினால் நொடிக்கு 5, 6 மீட்டர் போகும். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு காயை ஒரு சென்டிமீட்டர்தான் நகர்த்தலாம். வேகமாக அடித்த பாஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு போகும், அதனால் பந்துக்கு மூன்று சென்டிமீட்டர். விதி இவ்வளவுதான். ஸ்கேலை ஒரு பிள்ளை கையில் கொடுத்து அம்பயராக நிறுத்துங்கள். வெள்ளைக் காய்களை ஒரு குழு நகர்த்தட்டும், கறுப்பை இன்னொரு குழு. எட்டு நொடி ஆட்டத்துக்கு நாற்பது படம்.

முதல் பத்துப் படத்துக்குள் பிள்ளைகள் சண்டை போட ஆரம்பிப்பார்கள். ‘என் ஆள் அங்கே போயிருப்பான்’ என்பான் ஒருவன். ஸ்கேல், ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஆள் ஓடிப் போய்ச் சேர முடியாத இடத்துக்குப் பந்து போய்விடும் என்று அப்போது கண்ணால் காண்பார்கள். ஓட்டத்தைப் பாஸுக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதை நான் மைதான ஓரத்தில் நின்று ஓராண்டு கத்தினாலும் ஏறாது. நாற்பது படம் எடுக்கையில் தானாக ஏறும். பந்தை வைத்திருக்கும் காயையே எல்லோரும் நகர்த்த விரும்புவார்கள். பந்து இல்லாத எட்டுக் காய்கள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்று கேளுங்கள். பதில் இருக்காது. அன்றைய பாடமே அதுதான்.

அப்படி எடுத்த படத்தை ஓட்டிக் காட்டும்போது ஒரு கவனம் தேவை. பிரான்சிலிருந்து அய்மன் காசரெம், பஷீர் சூஜி ஆகியோரும் ஆஸ்திரேலியாவின் ஸ்லாவா கல்யூகாவும் சேர்ந்து 2013, 2014 வாக்கில் கால்பந்து அசைபடங்களை வைத்தே சில சோதனைகளை வெளியிட்டார்கள். புதிதாக ஆடுகிறவர்களுக்குப் படத்தைத் துண்டு துண்டாக, நடுவே நிறுத்தி நிறுத்திக் காட்டினால் நன்றாக ஏறுகிறது. அனுபவப்பட்டவர்களுக்கு அந்த நிறுத்தத்தால் பெரிய நன்மை இல்லை. காரணம் எளிது. ஓடும் படம் ஓடிப்போய்விடுகிறது. இரண்டாம் நொடியைப் புரிந்துகொள்ளும் முன் நான்காம் நொடி வந்துவிடுகிறது. புதிய பிள்ளையின் மனம் இரண்டையும் ஒருசேரத் தாங்காது. ஆகவே எட்டு நொடிப் படத்தை மூன்று இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டு ஓடவிடுங்கள். வயது கூடக் கூட நிறுத்தத்தைக் குறையுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காதது. படம் மேலிருந்து பார்க்கிறது, பிள்ளை களத்தில் நின்று பார்க்கிறது. இளம்பிள்ளைச் சேலைக்கு டிசைன் போடுகிறவர் கிராப் தாளில் முழுப் பூவையும் கட்டம் கட்டமாக ஒரே பார்வையில் பார்க்கிறார். தறியில் இருப்பவருக்கு முன்னால் ஓடுவது ஒரே ஓர் ஊடை இழைதான். அங்கே கிராப் தாளுக்கும் தறிக்கும் நடுவில் ஜக்கார்டு அட்டை இருந்து மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. நம் பிள்ளைக்கு அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டு எதிராளிகளுக்கு நடுவில் ஐந்து மீட்டர் இடைவெளி பளிச்சென்று தெரியும். நாலேகால் அடி உயரத்தில் இருக்கும் கண்ணுக்கு அதே இடைவெளி இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும்.

இதற்கும் கேரம் போர்டிலேயே வழி இருக்கிறது. காய்கள் மேல் சாக்பீஸ் துண்டுகளைச் செங்குத்தாக ஒட்டுங்கள், ஆட்கள் ஆகிவிடுவார்கள். போனைக் கவிழ்த்துக் கேமரா பலகையை ஒட்டி இருக்கும்படி, ஒரு காயின் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். அந்தக் காயின் கண்ணுக்குத் தெரிவது அதுதான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். மேலிருந்து தெரிந்த ஆள் இதில் எங்கே என்று தேடவிடுங்கள். எங்கே நகர்ந்தால் தெரிவான் என்று கேளுங்கள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பழக்கத்துக்கு விதை இங்கேதான். நார்வேயின் கெயர் யோர்டெட் பெரிய ஆட்டக்காரர்களின் தலை அசைவை எண்ணியே ஆய்வு செய்தவர். பந்து வருவதற்கு முன் அதிகமாகச் சுற்றிப் பார்த்தவர்கள் முன்னோக்கி பாஸ் கொடுப்பதில் அதிகம் வென்றார்கள். அவர் எண்ணியவர்களில் முன்வரிசையில் நின்றவர் பார்சிலோனாவின் சாவி.

எந்த ஆட்டத்தைப் படமாக்குவது என்று தெரியாவிட்டால் 2017 அக்டோபர் 9ஆம் தேதி டெல்லியில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. கொலம்பியாவுக்கு எதிராக 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஃபிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியா போட்ட முதல் கோல். ஆட்டம் 1-1. அடுத்த நிமிடமே கொலம்பியா மறுபடி கோல் போட்டு 2-1 என்று வென்றது. அந்தக் கார்னரைப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். செய்யட்டும். பிறகு, நாம் கோல் போட்ட மறுநொடி மையத்திலிருந்து ஆட்டம் தொடங்கும்போது ஒன்பது காயும் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டு அதையும் அவர்கள் கையாலேயே அடுக்கச் செய்யுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். போனைக் கீழே வை என்று காலையிலிருந்து சொல்கிறோம், இவர் வந்து போனைக் கையில் கொடு என்கிறாரே என்று நினைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், நாலு பேர் கூடி உட்கார்ந்து செய்கிற வேலை இது. பயிற்சி நாளில் திரைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. பார்த்ததை அடுத்த பத்து நிமிடத்துக்குள் காலால் செய்து பார்க்காவிட்டால் பார்த்ததும் வீண். மழை நாளும், மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும் நண்பகலும் கேரம் போர்டுக்கு நல்ல நேரம்.

பி.டி. ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் மாதம் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். கணினி ஆசிரியருக்கும் இதில் வேலை இருக்கிறது, கணக்கு ஆசிரியருக்கும் இருக்கிறது. இரண்டாவது, பெண் பிள்ளைகளை ஸ்கேல் பிடிக்க மட்டும் கூப்பிடாதீர்கள். தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இல் மணிப்பூரை வீழ்த்தியும் 2023இல் ஹரியானாவை வீழ்த்தியும் வாங்கியது. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் மாநிலத்தின் கால்பந்துக் கணக்கில் பெண்கள் எழுதிய வரவு பெரிது. ஆட்டையாம்பட்டியிலும் ஒன்பது பெண் பிள்ளைகள் சேர்ந்தால் வெள்ளைக் காய்க்கு ஓர் அணி ஆகிவிடும்.

வருகிற சனிக்கிழமை காலை யார் வீட்டு கேரம் போர்டு வருகிறது என்று இன்றே முடிவு செய்துவிட்டுக் கலையுங்கள். ஸ்கேல் நான் கொண்டுவருகிறேன். பள்ளி ஸ்டோர் ரூமில் கிடக்கும் பந்துகளுக்கு அதற்குள் யாராவது காற்றடித்து வையுங்கள்.